அமிர்தியில் எடுக்காத படம்

மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடு" என்று கேட்டபோது, நான் வரலாறு படித்தவன் இல்லையே என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். விடவில்லை. சரி, ஒரு போட்டோகிராபரின் வரலாற்றை எழுதுகிறேன். அதோடு நம் வகுப்புக்கு நான் பட்டிருக்கும் ஒரு பழைய கடனையும் தீர்த்துக்கொள்கிறேன்.

1976-79 தாவரவியல் வகுப்பு நண்பர்களுக்கு அமிர்தி சுற்றுலா மறந்திருக்காது. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். வனத்துறை அங்கே 1967-இல் ஒரு சிறிய உயிரியல் பூங்கா தொடங்கியிருந்தது; ஒரு பக்கம் கூண்டுகள், மறுபக்கம் காடு, உள்ளே நடந்தால் அருவி. நாம் போனது 1978 ஜனவரி. இலைகளைச் சேகரித்துப் பழைய செய்தித்தாளில் அழுத்தி வைப்பதுதான் போன காரியம். ஆனால் எனக்கு வேறு காரியம் இருந்தது. மாமாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு அக்ஃபா கிளிக்-3 காமிரா வாங்கி வந்திருந்தேன். 120 பிலிம், பன்னிரண்டு படம். "அருவிக்கிட்ட எல்லாரையும் நிக்க வச்சு ஒண்ணு எடுத்துடு" என்று வகுப்பே என்னிடம் சொல்லியிருந்தது.

வேலிக்குள் நின்ற புள்ளிமானைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. ஒன்பது படம் அதற்கே போனது. அப்போது பின்னால் வந்து நின்ற நம் ஆசிரியர் சொன்னார்: "டேய், இது மான் போட்டோ இல்ல, கம்பி போட்டோ. கிருஷ்ணன் படம் பாத்திருக்கியா நீ? மாதவய்யா புள்ள."

பார்த்ததில்லை. மறுவாரம் அவரே 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யிலிருந்து வெட்டி வைத்திருந்த பக்கங்களைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பு வெள்ளைப் படங்கள். யானையும் தெரிந்தது, அது நின்ற இடமும் தெரிந்தது. அந்த மூங்கிலும் புல்லும் இல்லாவிட்டால் அந்த யானையே இல்லை என்கிற மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மா. கிருஷ்ணனைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்துவிடுவேன்.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை அ. மாதவய்யா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர். உப்பு, ஆப்காரி இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல் எழுதினார். பிறகு முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னையில் அச்சகம் வைத்து 'பஞ்சாமிர்தம்' என்று பத்திரிகை நடத்தினார். (அமிர்திக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், தானாக வந்து விழுகிறது.) 1925 அக்டோபர் 22-இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. படிப்பில் தமிழ் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று.

அவர் வளர்ந்த மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் இல்லை. புதர்க்காடு, பறவைகள், நரி, பக்கத்தில் வெளிமான்கூட உண்டாம். பதினோரு வயதில் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தார். ஒரு பக்கம் வீடு நிறையப் புத்தகம், மறுபக்கம் மடியில் கீரி. இப்படி ஒரு பிள்ளைப் பருவம் வாய்த்தால் மனுஷன் கிளார்க் உத்தியோகத்துக்கு எப்படிப் போவான்?

1927-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய அதே ஃபைசன்தான். நம் நூலகத்திலும் அட்டை கிழிந்த ஒரு பிரதி இருந்தது. அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கிருஷ்ணன் போனார். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். வகுப்பறையைவிட இந்தப் பயணங்கள்தான் அவருக்குப் படிப்பு. பரீட்சையில் அவருக்கு அவ்வளவாக அக்கறை கிடையாது. பட்டம் வாங்கினார், அதற்கு மேல் 1936-இல் சட்டப் பட்டமும் வாங்கினார், வேலைதான் கிடைக்கவில்லை. அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறி, பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவே ஆனார். அதே வீட்டில் தம்பி பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தும் கட்டுரை எழுதியும் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். 1937-இல் கல்யாணமும் ஆகிவிட்டது. அந்த வருஷங்களில் வீட்டில் என்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்று நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

1942-இல் பெல்லாரிக்குப் பக்கத்தில் சண்டூர் என்ற குட்டி சமஸ்தானத்தில் வேலை அமைந்தது. என்ன வேலை என்று கேட்டால் ஒன்றா இரண்டா! பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல வேஷம். மிச்ச நேரத்தில் ஆடு மேய்த்துப் பார்த்தார், தபால் கொண்டுபோகப் புறா வளர்த்தார். முக்கியமாகக் காட்டில் சுற்றினார். நாள் கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் அங்கேதான் ஊறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1949-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பிறகு யாரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. அரசாங்கப் பதவிகள் வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார். வயது முப்பத்தேழு, கையில் பேனாவும் காமிராவும்தான்.

1950-இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். அணில், காகம், ஓணான், யானை எதுவும் அதில் வரும். நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதினார். 1996 பிப்ரவரி 18-இல் அவர் காலமானார். கடைசிப் பத்தி அச்சானதும் அதே நாள்தான். தமிழிலும் எழுதினார். பெரியசாமி தூரன் ஆசிரியராக இருந்த கலைக்களஞ்சியத்தில் அவர் கை உண்டு. தமிழில் ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார். இயற்கை பற்றிய அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்தார். இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் தேடிப் படிக்கலாம்.

காமிரா விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் இருந்தது ஒட்டுப்போட்ட காமிரா. உடம்பு ஒரு கம்பெனி, தொலைநோக்கு லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற உறுப்புகள் எங்கெங்கோ பொறுக்கியவை. எல்லாவற்றையும் தானே பொருத்திக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். இ.பி. ஜீ என்கிற புகழ்பெற்ற காட்டுயிர் ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, ஷூ லேஸால் கட்டாத குறைதான் என்கிற மாதிரி எழுதினார். கலர் பிலிம் வந்து எல்லோரும் அதற்குத் தாவியபோதும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். முதுமலையிலும் பந்திப்பூரிலும் வளர்ப்பு யானை மேல் ஏறிக் காட்டுக்குள் போய் எடுப்பார். காட்டு விலங்குகள் யானையைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை. மேலே இருக்கும் ஆளையும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் யானை அசைந்தால் காமிராவும் அசையும். அதன் மேலிருந்து பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு அசங்காமல் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது காமிரா பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

1968-இல் நேரு பெல்லோஷிப் கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக வெளியிட்டது. 1970-இல் பத்மஸ்ரீ. புலிகள் காப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார். அயல்நாட்டு மரங்களை அழகுக்காகக் கொண்டுவந்து நடுவது அவருக்குப் பிடிக்காது, நம் மண்ணின் மரங்களே வேண்டும் என்பார். இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. நம் கல்லூரி வாசலில் மே மாதம் பூக்கும் குல்மோஹரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி என் கடன்.

ஆசிரியர் திட்டிய பிறகு அருவியைப் பார்த்து மூன்று படம் எடுத்தேன். பிலிம் தீர்ந்தது. நீங்கள் எல்லாரும் பாறைமேல் வரிசையாக நின்று "ரெடியா, ரெடியா" என்று கத்தினீர்கள். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. காலி காமிராவை வைத்து 'கிளிக்' செய்தேன். பிறகு, ஸ்டுடியோக்காரர் கழுவும்போது கெடுத்துவிட்டார் என்று சொன்னேன். பாவம், அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அந்த வரிசையில் ஓரத்தில் தலையில் தழை வைத்துக்கொண்டு நின்று எல்லோரையும் சிரிக்க வைத்தவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவன் இப்போது இல்லை. அவன் போன பிறகு அவனுடைய மகள் எனக்கு போன் செய்து, "அங்கிள், அப்பா காலேஜ்ல எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா? அமிர்தியில நீங்க எடுத்தீங்கன்னு அப்பா சொல்லுவாரு" என்று கேட்டாள். அவளிடமும் பழைய பொய்யையே சொன்னேன். போனை வைத்த பிறகு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்த மலர் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். பன்னிரண்டு நெகட்டிவ்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அருவிப் படங்களில் ஒன்றை அண்மையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில், பாறைக்குப் பின்னால், யாரோ ஒருவர் கை தெரிகிறது. கையில் ஒரு கொத்துத் தழை. அவனாக இருக்கலாம். கூட்டத்துக்கு அந்தப் படத்தை எடுத்து வருகிறேன், நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள்.