பறவை பறக்கும் பாடம்



கோலாலம்பூரில் உள்ள மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தை அறியாத தோட்டத்துக் குடும்பம் இல்லை எனலாம். தீபாவளியோ நோன்புப் பெருநாளோ வந்தால் துணிமணி வாங்க நாம் பேருந்து ஏறிப் போகிற இடம் அது. அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல், 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. அங்குக் கடை வைத்த தமிழ் முஸ்லிம்களில் பலருடைய முன்னோர் இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்தச் சீமையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மாணவரையும், அவர் தம் ஆசிரியர்களுக்குச் செலுத்திய நன்றியையும் பற்றி இன்று நாம் பேசுவோம்.

அவர் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தவர். தந்தையார் ஜைனுலாப்தீன் படகு வைத்துப் பிழைத்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நிற்காமற் போனபோது, ஓடும் இரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்க உதவிக் காசு சம்பாதித்த சிறுவன் அவர். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அறிவியல் நடத்தியவர் சிவசுப்பிரமணிய ஐயர். ஒரு நாள் அவர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, இறக்கை, வால், உடல் ஆகியவற்றைக் காட்டி, அது எவ்வாறு பறக்கிறது என்று விளக்கினார். முடிவில், "புரிந்ததா?" என்று கேட்டார். கலாம், புரியவில்லை என்றார். மற்றப் பிள்ளைகள் பலரும் அப்படியே சொன்னார்கள். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கூட்டமாகப் பறந்த கடற்பறவைகளைக் காட்டி, அவை இறக்கையை எப்படி அடிக்கின்றன, திரும்பும்போது வாலை எப்படி வளைக்கின்றன என்று பார்க்கச் சொன்னார்.

அந்தப் பாடத்தின் பௌதிகத்தை நாமும் தெரிந்துகொள்வோம். படகோட்டி துடுப்பால் தண்ணீரைப் பின்னே தள்ளினால் படகு முன்னே போகிறது. அதுபோலவே பறவையின் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று பறவையை மேலே தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் வகுத்த விதி இதுவே. வானூர்தியின் இறக்கைக்கும் இதே விதிதான். நெருப்புப் புகையைக் கீழே தள்ளி மேலே எழும்பும் ராக்கெட்டுக்கும் இதே விதிதான். பிற்காலத்தில் தாம் பௌதிகம் பயின்று விண்வெளித் துறைக்குப் போனதற்கு வித்து அந்தக் கடற்கரை மாலையே என்று கலாம் பல மேடைகளில் சொன்னார்.

ஆனால் அந்த ஆசிரியர் நடத்திய இன்னொரு பாடமும் உண்டு. அவர் ஆசாரமான பிராமணக் குடும்பத்தவர். ஒரு நாள் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். முஸ்லிம் பிள்ளைக்குத் தம் சமையலறையில் உணவு பரிமாற அவருடைய துணைவியார் மறுத்துவிட்டார். ஆசிரியர் மனைவியைக் கடிந்துகொள்ளவில்லை. மாணவனைத் திருப்பி அனுப்பவும் இல்லை. தம் கையாலேயே பரிமாறி, பக்கத்தில் அமர்ந்து உண்டார். விடைபெறும்போது, அடுத்த வாரமும் வரவேண்டும் என்றார். சிறுவன் தயங்கினான். ஒரு வழக்கத்தை மாற்றத் துணிந்தால் இத்தகைய இடையூறுகளைச் சந்தித்தே ஆகவேண்டும் என்று ஆசிரியர் தேற்றினார். அடுத்த வாரம், அதே அம்மையார் சிறுவனை உள்ளே அழைத்துச் சென்று தம் கையால் அன்னமிட்டார்.

நேயர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. தன் வீட்டு அடுப்படியில் தொடங்குவது அரிது. நம் முன்னோர் கப்பலேறியபோது சாதி வேற்றுமையும் மூட்டையோடு ஏறி வந்தது. "யார் வீட்டில் தண்ணீர் குடித்தாய்?" என்று பிள்ளையைக் கேட்கும் வீடு நம்மிடையே இருக்குமானால், ஐயருடைய அந்தப் பாடம் நமக்கும் உரியது.

பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் ஐயாத்துரை சாலமோன், ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்னும் மூன்றையும் ஆளக் கற்றுக்கொள் என்று கலாமுக்கு ஊக்கம் தந்தார். 1950இல் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் சேர்ந்து, பௌதிகப் பட்டப் படிப்பு முடித்தார். அங்கே பேராசிரியர்கள் சின்னத்துரையும் கிருஷ்ணமூர்த்தியும் அணுவின் உள்ளமைப்பை அவருக்கு அறிமுகம் செய்தனர். சென்னையில் பொறியியல் பயில ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, தமக்கை சோகரா தம் பொன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

வேலைக்குச் சென்ற பின்னும் அவருக்கு ஆசான் கிடைத்தார். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள், கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் நிருபர்கள் முன் தாமே பொறுப்பை ஏற்றார். 1980 ஜூலை 18ஆம் நாள் அது வெற்றி பெற்றபோது, நிருபர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார். தோல்வியைத் தான் சுமந்து வெற்றியைப் பிறருக்குத் தருவதே தலைமை என்பதைக் கலாம் அன்று கண்டார்.

2002இல் கலாம் இந்தியக் குடியரசுத் தலைவரானார். அந்தப் பெரும் பதவியிலும் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பெயரைச் சொல்ல அவர் மறக்கவில்லை. பெற்றதைப் பிறருக்குக் கொடுத்தும் கடன் தீர்த்தார்: பதவி முடிந்ததும் மாணவர்களிடமே திரும்பினார். 2015 ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங் நகரில், மாணவர்கள் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்து உயிர் நீத்தார்.

மே 16ஆம் நாள் நம் நாட்டில் ஆசிரியர் தினம். அன்று பிள்ளைகள் பரிசுப் பொருள் கொண்டு வருகிறார்கள், மகிழ்ச்சியே. ஆயினும், பெற்றோர்களே, மற்ற நாட்களில் பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று என்ன புரியவில்லை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். புரியவில்லை என்று சொல்வது குற்றமன்று என்பதைப் பிள்ளை உணரட்டும். அந்த ஒரு சொல்லை ஒரு சிறுவன் அஞ்சாமல் சொன்னான். ஓர் ஆசிரியர் அதைப் பொறுமையோடு கேட்டார். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.