“என் மெஷினில் ஓடுதே சார்!”

கம்ப்யூட்டர் துறைக்குப் போன நம் கல்லூரி நண்பர்கள் எல்லோருக்கும் பழக்கமான வாக்கியம் இது. எழுதி முடித்த புரோகிராமைப் பேக்கேஜாகக் கட்டி அடுத்தவர் கைக்குச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே வாரத்துக்கு ரெண்டு தடவையாவது இது என் காதில் விழும். அதற்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது வருஷ வரலாறு இருக்கிறது.

1976-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். எந்த ஃபைல் மாறியதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் அது மறுபடி கம்பைல் செய்யும். அதில் கட்டளை வரி ‘டேப்’பில்தான் தொடங்க வேண்டும்; ஸ்பேஸ் போட்டால் தகராறு. இதை மாற்றியிருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு டஜன் நண்பர்கள் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகமே இன்னும் டேப் தட்டிக்கொண்டிருக்கிறது!

1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். தன்னார்வலர்கள் தங்கள் சொந்த மெஷினிலேயே பேக்கேஜைக் கட்டி அனுப்பினார்கள். 1998-ல் வந்த 2.0 பதிப்பு இரண்டு வகைப் பிராசஸர்களுக்கு. 2002-ல் வந்த 3.0 பதிப்போ பதினொன்றுக்கு. ஒரு ஆள் பதினொரு மெஷினுக்கு எங்கே போவார்? அந்தச் சுமையைத் தாங்கியவை தானாகவே கட்டித் தரும் ‘பில்ட் டீமன்’கள்.

வினையும் அங்கேதான். இந்த முறையில் ஒவ்வொரு பேக்கேஜும் துடைத்து வைத்த காலி அறையில் கட்டப்படும். என்னென்ன தேவை என்று எழுதிக் கொடுத்தோமோ அது மட்டுமே அங்கே இருக்கும். பெருங்காயத்தை எழுதாமல் விட்ட சமையல் குறிப்பு மாதிரிதான். எழுதியவர் வீட்டு அலமாரியில் அது எப்போதும் இருக்கும், அவருக்குக் குறை தெரியாது. புது வீட்டில்தான் குட்டு வெளிப்படும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பில்ட் உடைந்தால் லாகின் கடைசி வரியை மட்டும் பார்த்து மண்டையை உடைச்சுக்காதீங்க. ‘எரர் 2’ என்பது வெறும் ஒப்பாரி. செத்தது யார் என்பது மேலே இருக்கும். மேலே போய் முதல் எரரைத் தேடுங்கள். பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டால் உடைகிறது, ஒவ்வொன்றாக விட்டால் ஓடுகிறது என்றால், எது முதலில் எது பின்னால் என்பதை மேக்ஃபைலில் யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

2013-லிருந்து டெபியன்காரர்கள் இன்னொரு படி ஏறினார்கள். ஒரே மூலத்தை யார், எங்கே, எப்போது கட்டினாலும் ஒரு பிட் கூட மாறக் கூடாது என்றார்கள். உள்ளே பதிந்துவிடும் தேதியையும் டைரக்டரிப் பெயரையும் தேடித் தேடி ஒழித்தார்கள். ‘இதெல்லாம் வேலையத்த வேலை’ என்று நினைப்பவர்கள் 2024 மார்ச் 29-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ‘எக்ஸ்ஸீ’ என்ற சுருக்கும் மென்பொருளில் ஒளித்து வைத்த கள்ளக்கதவு அன்று அம்பலமானது. அதை எழுப்பிவிடும் ஸ்கிரிப்ட் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட தொகுப்பில் மட்டும் இருந்தது. அதுவும் டெபியன், ஆர்பிஎம் பேக்கேஜ் கட்டும் நேரம் பார்த்துத்தான் விழித்துக்கொள்ளும்! லாகின் ஆக அரை வினாடி கூடுதலாவது ஏன் என்று விடாமல் துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற என்ஜினீயர்தான் அதைப் பிடித்தார்.

பேக்கேஜ் கட்டுவது கடைநிலை வேலை என்று நம் பையன்கள் ஒதுக்குகிறார்கள். எத்தனையோ கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு அந்த ஒரு படியில் நிற்கிறது. லீவு நாளில் ஏதாவது ஒரு திறந்த மென்பொருள் திட்டத்தில் உடைந்து கிடக்கும் ஒரு பேக்கேஜை எடுத்துச் சரிபண்ணிப் பாருங்கள். சம்பளம் கிடைக்காது, ஆனால் லாக் படிக்கிற கண் வந்துவிடும்.