மெர்தர் டிட்ஃபில் (பழைய நாடாளுமன்றத் தொகுதி)

தெற்கு வேல்ஸின் இரும்பாலை நகரான மெர்தர் டிட்ஃபில், 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொகுதியானது. முந்தைய ஆண்டில்தான் அங்கே தொழிலாளர் கிளர்ச்சி வெடித்திருந்தது. முதல் உறுப்பினர் டவுலெய்ஸ் ஆலை முதலாளி ஜோசையா ஜான் கெஸ்ட். 1852-இல் இறக்கும்வரை தொகுதி அவர் கையில்தான். அடுத்து வந்தவர் ஹென்றி ஆஸ்டின் புரூஸ்.

1867-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் தொகுதிக்கு இரண்டாவது உறுப்பினர் இடத்தை அளித்தது. வாக்காளர் தொகையும் ஏறத்தாழ பத்து மடங்கானது. சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் திரளாக வாக்களித்த 1868-இல் புரூஸ் தோற்றார்; சமாதான இயக்கத்தவரான ஹென்றி ரிச்சர்டு முதலிடம் பெற்றார். தொகுதி வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுவே.

1900-இல் லிபரல் கட்சியின் டி. ஏ. தாமஸுடன் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டியும் வென்றார். நிலக்கரிச் சுரங்க அதிபருக்கும் முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்கும் ஒரே தொகுதி! முதல் உலகப் போரை எதிர்த்த ஹார்டி 1915-இல் காலமானார். இடைத்தேர்தலில், போரை ஆதரித்த சார்லஸ் ஸ்டான்டன் தொழிற்கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் ஜேம்ஸ் வின்ஸ்டோனைத் தோற்கடித்தார்.

1918-இல் தொகுதி கலைக்கப்பட்டு, மெர்தர், அபெர்டேர் என இரண்டாகப் பிரிந்தது.