முதலில் வந்தது ஊசிதான்!

மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஹாஸ்டல் நினைவுகளை எழுதலாம்னுதான் நினைத்தேன். அதற்கு நம்ம பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் வேறு கதை சொல்கிறேன்.

என் அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போதவில்லை, இன்சுலின் போடணும் என்றார் டாக்டர். "ஊசின்னா கடைசிக் கட்டம்டா" என்று அப்பா ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். அவரோடு வாதாடுவதற்காகவே இந்தச் சரித்திரத்தைப் படித்தேன்.

1921-ல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், பாண்டிங் என்ற இளம் டாக்டரும் பெஸ்ட் என்ற மாணவரும் கணையத்திலிருந்து சாறு எடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ல் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அதை ஊசியில் போட்டார்கள். சாறு சுத்தமாக இல்லை. எதிர்பார்த்த பலனும் இல்லை. காலிப் என்ற விஞ்ஞானி அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டபோது சர்க்கரை நன்றாக இறங்கியது. அதுவரை அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு டாக்டர்களிடம் இருந்த வழி, பட்டினி போட்டு நாளைக் கடத்துவதுதான். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள்!

அடுத்து வந்தது டைமிங் பிரச்சினை. கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் அரியர் வைத்தவனுக்கும் இது புரியும். அந்த இன்சுலின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டென்மார்க்கில் ஹாகெடார்ன் 1936-ல் மீனிலிருந்து கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தைச் சேர்த்து, அதை மெதுவாகக் கரைய வைத்தார். 1946-ல் வந்த என்.பி.எச். இன்சுலினில் உள்ள 'எச்' அவர்தான். வீட்டில் பெரியவர்கள் கலங்கலான பாட்டிலை உள்ளங்கையில் உருட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது.

மாத்திரை கிடைத்தது தற்செயலாக. 1942-ல் பிரான்சின் மான்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புது சல்பா மருந்தைக் கொடுத்தார் ஜான்பான் என்ற டாக்டர். அவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது. லூபத்தியேர் என்ற விஞ்ஞானி நாய்களிடம் சோதித்தார். கணையம் முழுவதையும் எடுத்துவிட்ட நாய்களிடம் அந்த மருந்து வேலை செய்யவே இல்லை. அதாவது, கணையத்தைத் தட்டி வேலை வாங்குவதுதான் அந்த மாத்திரையின் வேலை. அந்தக் குடும்பத்து மாத்திரைகள் 1950-களில் விற்பனைக்கு வந்தன. 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினைச் சர்க்கரைக்குப் பயன்படுத்திக் காட்டினார். அது வேறு வழி: முக்கியமாக ஈரல் வெளியே விடும் சர்க்கரையைக் குறைக்கும். அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது 1994-ல்தான்.

அதுவரை மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை, 1978-ல் மனித ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்தார்கள். 1982-ல் அது மருந்தாக அனுமதி பெற்றது. சாப்பாட்டு நேரத்துக்கு வேகமாக வேலை செய்யும் லிஸ்ப்ரோ 1996-லும், ஒரு நாள் முழுக்க ஒரே சீராக வேலை செய்யும் கிளார்ஜின் 2000-லும் வந்தன.

இதையெல்லாம் சொன்னபோது அப்பா அந்த நாய்ச் சோதனையில் நின்றுவிட்டார். "அப்போ மாத்திரை கேக்கலேன்னா அது என் தப்பு இல்லையா?" என்றார். அவர் பயந்தது ஊசிக்கு இல்லை, தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பல வருஷம் உழைத்த கணையம் களைத்துப் போகிறது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுக்கிறோம். அவ்வளவுதான். மறுநாளே ஊசிக்குச் சம்மதித்தார். ஆனால் அதற்குள் கண்ணின் விழித்திரை பாதித்து, லேசர் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

தம்பி, தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாவோ அம்மாவோ இப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். முப்பதைத் தாண்டிய என் பேட்ச் நண்பர்களே, விருந்தில் இரண்டாவது லட்டை எடுக்கும் முன் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள். சந்திப்போம்!