வடிநீர் செல்லும் வழி: திண்டுக்கல் சமவெளி நெல்வயல்களில் பூச்சிமருந்தும் நீர்ச் சிற்றுயிர்களும்

புகையான் தாக்கிய நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வைத்தியம் இது: வயல்நீரை வடித்துவிட்டு, தூர் நனையும்படி மருந்து அடிக்க வேண்டும். பூச்சி தூரில்தான் அண்டுகிறது என்பதால் பயிர்க்கணக்கில் இதில் குறையில்லை. ஆனால் நீர் வடிந்த வயலில் நத்தையும் தட்டான் குஞ்சும் அயிரையும் எஞ்சிய பள்ளங்களில் ஒதுங்குகின்றன. தூரை நோக்கி அடிக்கும் மருந்து அங்கும் சேர்கிறது. மறுபடி நீர் கட்டும்போது மிச்சம் அடுத்த வயலுக்கு இறங்குகிறது.

திண்டுக்கல் நகரைச் சுற்றிக் கிணற்றுப் பாசனமும் மானாவாரியுமே மிகுதி. நெல் நிற்பது நிலக்கோட்டைப் பக்கத்து ஆற்றுப் பாசனத்திலும் ஆத்தூர், பழனி, ஆயக்குடிக் குளங்களின் கீழும். குளத்துப் பாசனத்தில் ஒருவர் வாய்மடை அடுத்தவர் வயலில் திறக்கிறது. மேல்குளத்து வடிகால் கீழ்க்குளத்துக்கு வரத்தாகிறது. இப்படி இறங்கும் மருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. இதே மாவட்டத்தில் தோல் ஆலைக் கழிவையோ நிறமும் நாற்றமும் காட்டிக்கொடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு திண்டுக்கல் ஆலைகளுக்கும் பொருந்தியது. தெளிந்து நிற்கும் வயல்நீருக்கு எதிராக யார் வழக்குத் தொடுப்பார்?

ஆய்வுலகமும் இதில் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது. மீனைத் தொட்டியில் விட்டு, 96 மணி நேரத்தில் பாதி மீன் சாகும் அளவைக் கணிப்பதோடு நின்றுவிட்ட ஆய்வேடுகள் பல. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து இந்த முறையின் குறையை அம்பலப்படுத்துகிறது. ஆய்வகச் செல்லப்பிள்ளையான நீர்த்தெள்ளு அதை லிட்டருக்குப் பல மில்லிகிராம் வரை தாங்கும். நீரில் வளரும் சில பூச்சிகளின் இளம்பருவங்களோ மைக்ரோகிராம் அளவிலேயே முடங்கிவிடும். ஜப்பானின் ஷின்ஜி ஏரியைச் சூழ்ந்த நெல்வயல்களில் 1993 முதல் இவ்வகை மருந்துகள் புழக்கத்துக்கு வந்தன. ஏரியின் மிதவை விலங்குகள் 83 விழுக்காடு குறைந்ததையும், ஆண்டுக்கு 240 டன்னாக இருந்த வகாசகி மீன்பிடி 22 டன்னாகச் சரிந்ததையும் 2019-இல் யமமுரோ குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். இரை அற்றுப்போனதே காரணம் என்பது அவர்கள் முடிவு. தொட்டியில் நடக்கும் நான்கு நாள் சோதனையில் இந்தப் பட்டினி தெரியாது.

பட்டினி மீனுக்கு மட்டுமா? செட்டில் குழுவினர் ஜாவா வயல்களில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு உழவருக்கு நேராகப் பயன்படுவது. நடவு முடிந்த முதல் வாரங்களில் பயிர்ப்பூச்சி அதிகம் இருக்காது. அப்போது சேற்று மக்கலையும் மிதவையையும் தின்று வளரும் கடிக்காத கொசு போன்ற சிறு பூச்சிகளே சிலந்திக்கும் பிற இரைவிழுங்கிகளுக்கும் உணவு. புகையான் வருமுன்பே காவலர் பெருகி நிற்பது இந்த உணவால்தான். நட்ட உடனே குருணை மருந்து போடுவதும் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டதும் தெளிப்பதும் அந்த உணவையே அழிக்கின்றன. பின்னால் புகையான் பெருகினால் மறுபடி மருந்து. செயற்கைப் பைரித்திராய்டுகள் புகையானை மறுபெருக்கம் கொள்ளச் செய்யும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே எச்சரிப்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

கொசுவின் கதையும் இதுவே. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் நெல்வயலில் வளர்பவை. மருந்துக்குப் பின் அவை விரைவில் திரும்பிவிடும். அவற்றின் புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சு வளர வாரங்கள், சில இனங்களில் மாதங்கள் ஆகும்.

புகையானால் பயிர் கருகும்போது மருந்தைத் தொடாதே என்று விவசாயியிடம் சொல்வது அநியாயம். சொல்லக்கூடியது முதல் நாற்பது நாள் மருந்து தெளிக்காதிருப்பது பற்றித்தான். வியட்நாமின் மேகாங் படுகையில் ஹியோங் குழுவினர் 1990-களில் நடத்திய பிரசாரம் இந்த ஒன்றையே கேட்டது. பூச்சிமருந்துத் தெளிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, விளைச்சல் விழவில்லை.

இரண்டாவது, நீரைப் பிடித்து வைப்பது. கலிபோர்னியாவின் நெல் வடிகால்களில் களைக்கொல்லியால் மீன்கள் செத்த பிறகு, 1980-களில் மருந்திட்ட வயல்நீரைக் குறிப்பிட்ட நாள்கள் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. முறைவைத்து நீர் விடும் குளங்களில் தனி விவசாயியால் மட்டும் இது ஆகாது. மேல்மடைக்காரர் தேக்கினால் கீழ்மடை காயும். ஆகவே மருந்துக்குப் பிந்தைய நாள்களை முறைநீர் அட்டவணையிலேயே ஒதுக்கும் பொறுப்பை நீர்ப் பாசன விவசாயிகள் சங்கங்கள் ஏற்க வேண்டும். ஆயக்குடி போன்ற ஒரு குளத்தின் கீழ், மருந்திட்ட வயலிலும் இடாத வயலிலும் முதல் நாற்பது நாள் சேற்றுப் பூச்சிகளை எண்ணிப் பார்க்கும் ஆய்வே அந்த அட்டவணைக்கு அடிப்படையாக வேண்டும்.