மந்திரியின் தேநீர்க் கிண்ணம்

பதவி போன மந்திரி என்ன செய்வார்? பிரான்சில் 1726-ல் பிரதம மந்திரி பதவியை இழந்த பூர்போன் பிரபு, ஷாந்தியி மாளிகைக்குப் போய்ப் பீங்கான் பட்டறை வைத்தார்! அவர் சேர்த்திருந்த ஜப்பானியப் பாண்டங்களே அதற்கு மாதிரி.

ஆனால் பீங்கானுக்கு உயிரான வெண்களிமண் அன்று பிரான்சில் அகப்படவில்லை. லிமோஜ் அருகே அது கிடைத்தது 1768-ல்தான். அதுவரை? மஞ்சள் பாரித்த மண்ணில் கிண்ணம் செய்து, வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசி மறைத்தார்கள். அந்த வெண்மையின்மேல் ஜப்பானியக் காடைகளும் பூங்கிளைகளும் எழுந்தன. ஜப்பானோ அப்போது டச்சுக்காரரைத் தவிர மற்ற ஐரோப்பியருக்குக் கதவடைத்திருந்தது. சித்திரக்காரர் கண்ட ஜப்பான் பிரபுவின் அலமாரிதான்.

அசல் கிண்ணத்தைப்போல இது கொதிநீரைத் தாங்காது. இருந்தாலென்ன? இரண்டையும் எதிரே வைத்தால், பால் நிற மெருகுக்காக நான் இதைத்தான் எடுப்பேன். அடியைத் திருப்பிப் பாருங்கள்: வேட்டைக் கொம்பு முத்திரை இருக்கும்.