வடிகஞ்சிக் கணக்கு

1943. கல்கத்தாவில் வீட்டு வாசல்களில் வந்து நின்றவர்கள் சோறு கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று தெரியும். சோறு வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் நடைபாதையிலேயே செத்தார்கள்.

வங்காளம் முழுக்க இறந்தவர்கள் 15 லட்சம் என்றது அரசாங்கம் அமைத்த விசாரணை கமிஷன். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் முப்பது லட்சம் வரை போகிறார்கள்.

அரிசி இல்லை, செத்தார்கள். அவ்வளவுதானே?

ம்ஹும். அமர்த்தியா சென் 1981ல் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்குப் போட்டார். 1943ல் வங்காளத்தில் இருந்த அரிசி, அதற்கு முந்தைய ஐந்து வருட சராசரியைவிட சுமார் 5 சதவீதம்தான் குறைவு. 1941ஐவிடப் பார்த்தால் அதிகம்! ஆனால் 1941ல் பஞ்சம் இல்லை. (இந்தக் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு.)

பி.காம். படித்தபோது எங்களுக்குக் கிளைக் கணக்கு என்று ஒரு பாடம். பத்துக் கிளை உள்ள கம்பெனி. மொத்தமாகப் பார்த்தால் லாபம். கிளைவாரியாகப் பிரித்தால்தான் இரண்டு கிளை மூழ்கிக்கொண்டிருப்பது தெரியும். வங்காளம் அப்படி ஒரு கம்பெனி.

அதைப் பிரித்துப் பார்க்கக் கிளம்பியவர் மஹலனோபிஸ். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். 1931ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். பஞ்சம் ஓய்ந்த கையோடு, 1944-45ல் இவரது ஆட்கள் 386 கிராமங்களில் பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களைப் பார்த்துப் பேசினார்கள். பாதிப்பின் கடுமையை வைத்து வட்டாரங்களைத் தரம் பிரித்தார்கள். குடும்பங்களைத் தொழில்வாரியாகப் பிரித்தார்கள்.

பிரித்ததும் உண்மை வெளியே வந்தது. அதிகம் நொறுங்கியவர்கள் மீனவர்கள், படகு, வண்டி ஓட்டியவர்கள், விவசாயக் கூலிகள். சொந்த நிலத்தில் நெல் விளைந்தவரும் வாரத்துக்கு உழுது நெல்லாகவே பங்கு வாங்கியவரும் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள்.

ஏன்? 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய் விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாய். கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. போதாததற்கு, பர்மாவைப் பிடித்த ஜப்பான்காரன் கடல் வழியாக வந்துவிடுவான் என்ற பயத்தில், கரையோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை அரசாங்கமே பறித்துக்கொண்டது. படகு போனால் மீனவனுக்கு என்ன மிச்சம்?

பிழைத்தவர்களும் தப்பவில்லை. நெல் வயல் வைத்திருந்த குடும்பங்களில் நாலில் ஒன்று, அதை விற்றது அல்லது அடகு வைத்தது. சுமார் 2.6 லட்சம் குடும்பங்களுக்கு ஒரு துண்டு நெல் வயல்கூட மிஞ்சவில்லை.

இதே மஹலனோபிஸ் 1936ல் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தார். மனிதர்களின் உடல் அளவுகளை வைத்து, ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் சூத்திரம். 'மஹலனோபிஸ் தூரம்' என்று இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்குப் பெயர். அதன் சாமர்த்தியம் இதுதான்: உயரமானவருக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். அதை இரண்டு தனி வித்தியாசங்களாக எண்ணி ஏமாறாது.

மாவட்டங்களுக்கும் இது பொருந்தும். மழை, கூலி, நிலம், குழந்தையின் எடை என்று பல அளவுகளை அடுக்கி, ஒரே மாதிரிப் பசியுள்ள மாவட்டங்களை ஒரே கூட்டமாகச் சேர்க்கலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வேறு வேறு கூட்டத்தில் விழும். தள்ளித் தள்ளி இருப்பவை ஒன்றாகச் சேரும். வறட்சியால் பசித்த ஊருக்கு ஒரு மருந்து, கூலி இல்லாமல் பசித்த ஊருக்கு வேறு மருந்து. மாநில சராசரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

1943ல் பஞ்சம் நடந்தபோது சூத்திரம் பிறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கணக்குத் தெரிந்த ஆளும் கல்கத்தாவிலேயே இருந்தார். ஆனால் கிளைக் கணக்கைத் திறந்து பார்த்தது, கிளைகள் மூழ்கிய பிறகுதான்.